படத்தில் நிற்பவளும் படத்தை விற்பவரும்

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு யுவதியின் படம் கடைப் பதாகையொன்றிலோ பேஸ்புக் பக்கமொன்றிலோ வெளியாகிவிட்டால், அவள் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடத்திற் படித்தவள், தாய் தகப்பன் எப்படி இதற்கு விட்டார்கள் என்று நாலு திசையிலிருந்தும் விசாரணை கிளம்புவது வழமை. அதே படத்தை எடுத்தவர் யார், எடுப்பித்தவர் யார், அதற்காக அவளுக்கு என்ன கொடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் வெயிலில் நிறுத்திவைக்கப்பட்டாள், அந்தப் படம் எத்தனை வருஷத்துக்கு எந்தெந்த இடங்களில் தொங்கப்போகிறது என்ற விசாரணை மாத்திரம் ஒருவர் வாயிலிருந்தும் புறப்பட்டதாக நான் அறியேன். ஒழுக்கம் என்ற பெரிய விஷயத்தைப் பேசுகையில் நாம் எப்போதும் படத்தில் நிற்பவளையே கூண்டில் ஏற்றுகிறோம். படத்தை விற்பவர் சாட்சி சொல்லக்கூட அழைக்கப்படுவதில்லை. மொடலிங் என்னும் தொழிலில் ஒழுக்க விதி என்று ஒன்று வேண்டுமானால், அது முதலில் வேலைக்கு அமர்த்துபவருக்கே விதிக்கப்படவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததன்று. ஒரு காலத்தில் நம் கோயில்களின் இரவுத் திருவிழாக்களிலே சின்னமேளம் என்னும் தாசியர் ஆட்டம் நடந்தது. ஒவ்வொரு திருவிழாவும் ஒவ்வோர் உபயகாரருடையதாகையால், நேற்றைய உபயகாரரை இன்றைய உபயகாரர் மிஞ்சவேண்டும் என்ற போட்டியினாலே, கடல் கடந்து தமிழ்நாட்டிலிருந்துகூட ஆட்டக்காரிகளை அழைப்பித்தார்கள். வீதி கொள்ளாத சனம் சாமம் சாமமாய் இருந்து பார்த்தது. விடிந்த பின் அவ்வளவு சனமும் அந்தப் பெண்களின் நடத்தையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வீடு திரும்பியது. ஆறுமுக நாவலர் தாசியர் நடனத்தைக் கண்டித்தபோது கோயிலை நடத்துவோரையும் விட்டுவைக்கவில்லை என்பதை நாம் ஞாபகத்தில் வைக்கவேண்டும். அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு பின்வந்த சமூகமோ, அந்தக் கண்டனத்திலே ஆடியவளைச் சுட்டும் பாதியை மட்டும் கைக்கொண்டு, ஆட்டுவித்தவரைச் சுட்டும் பாதியைச் சௌகரியமாய் மறந்துவிட்டது. அக்கரையிலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோரின் நெடுங்காலப் பிரயத்தனத்தின் பின் 1947 இல் சென்னை மாகாணத்துத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இக்கரையிலும் காலக்கிரமத்தில் சின்னமேளம் மறைந்தது. அழைப்பித்தவர்கள் எந்தக் கணக்கும் கொடுக்காமலே கௌரவஸ்தர்களாய் இருந்து மறைந்தார்கள்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். மொடலிங் முகவர் நிலையம் என்று பலகை போட்ட ஸ்தாபனங்கள் கொழும்பிலே உண்டு. யாழ்ப்பாணத்தில் அந்தப் பலகையைக் காண்பது அரிது. ஆயினும் முகவர் செய்யும் வேலை இங்கே ஒழுங்காய் நடக்கிறது. ஸ்ரூடியோக்காரர், மணப்பெண் அலங்காரம் செய்பவர், சேலைக்கடை முதலாளி, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், பாட்டு அல்பம் எடுக்கும் இளைஞர், இவர்களுக்கெல்லாம் ஆள் தேடிக் கொடுக்கும் ஒரு வட்ஸ்அப் குழுவின் நிர்வாகி என்று அந்த வேலை பல கைகளிலே பிரிந்து கிடக்கிறது. பிரிந்து கிடப்பதனாலேயே பொறுப்பும் ஒருவர் தலையிலும் விழுவதில்லை. கடைக்காரரைக் கேட்டால் ஸ்ரூடியோவைக் காட்டுவார். ஸ்ரூடியோவைக் கேட்டால், அலங்காரம் செய்தவர்தான் பிள்ளையைக் கூட்டி வந்தார் என்பார். அலங்காரம் செய்தவரோ, பிள்ளை தானாக ஆசைப்பட்டுத்தானே வந்தது என்று முடித்துவிடுவார்.

இந்த வேலையின் ஒரு நாளைச் சற்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கடினமான உழைப்பு என்பது விளங்கும். மணப்பெண் அலங்காரப் படப்பிடிப்பென்றால் விடியுமுன் எழும்பவேண்டும். முகப்பூச்சு, கொண்டை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் என்று அலங்காரம் முடியவே பல மணி நேரம் செல்லும். ரவிக்கை அளவாயில்லாவிட்டால் முதுகுப் பக்கத்திலே கிளிப்புகளால் இறுக்குவார்கள். சேலை மடிப்புக் குலையாமல் ஊசிகள் குத்துவார்கள். அந்த ஊசிகளில் ஒன்று இடுப்பிலே உராய்ந்துகொண்டேயிருந்தாலும் புன்னகை மாறலாகாது. பிறகு வானிலே ஏற்றிச் சங்கிலியன் தோப்பு வாசலுக்கோ காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கோ கொண்டுபோவார்கள். பட்டுச் சேலையும் பொய்முடியும் பாரமான நகையும் சூடி, வைகாசி வெயிலில், 'இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று' என்ற குரலுக்கு அவள் நின்றுகொண்டேயிருக்கவேண்டும். அடுத்த சேலைக்கு மாறுவது எங்கே? வானுக்குள்ளேதான், யாரோ ஒருத்தி கதவோரம் சால்வையை விரித்துப் பிடித்துக்கொள்வாள். மலசலகூடம் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டுக் காலையிலிருந்தே தண்ணீர் குடியாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. பொழுது சாய்ந்து, பருத்தித்துறைக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டால், அவளை வீட்டில் கொண்டுபோய் விடுவது யாருடைய கடமை என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிரதிபலன் என்ன? பல சமயங்களில் 'படங்களைத் தருவோம்' என்பதுதான். படம் வெளியானால் உனக்கும் விளம்பரந்தானே, நாலு பேர் பார்த்தால் சினிமாவிலும் கூப்பிடுவார்களே என்று சொல்லி, அலங்காரத்துக்கும் ஒளிப்படத்துக்கும் அவள்தான் நன்றியுடையவளாய் இருக்கவேண்டும் என்பது போன்ற ஒரு மனோபாவத்தை உண்டாக்கிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த வடமராட்சி யுவதி ஒருத்தி, ஒரு கடைக்காக ஒரு பகல் முழுவதும் சேலை மாற்றி மாற்றி நின்றதற்கு அன்பளிப்பாய் ஒரு சேலையும் சாப்பாட்டுப் பார்சலும் பெற்றாள். இரண்டு வருஷங்களுக்குப் பிறகு, அவளுடைய கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயத்தில், அதே படம் கனடாவிலுள்ள யாரோ ஒருவருடைய அழகுநிலைய விளம்பரத்தில் நிற்பதை மாப்பிள்ளை வீட்டார்தாம் முதலிற் கண்டுபிடித்தார்கள். கடைக்காரர் அந்தப் படத்தை விற்றாரா, இனாமாய்க் கொடுத்தாரா, யாரேனும் இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டார்களா என்பது தெரியவரவில்லை. தெரியவைக்கும் கடமை தமக்கு உண்டென்று எவரும் எண்ணவுமில்லை. கலியாணப் பேச்சில் விளக்கம் சொல்லவேண்டியவளாய் நின்றவள் அவள் மட்டுமே.

சட்டமும் இந்த விஷயத்தில் அவளுக்கு அதிகம் துணை நிற்பதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படத்தின் உரிமையை அதனை ஆக்கியவருக்கே முதலில் கொடுக்கிறது. முகம் யாருடையதோ அவருக்கு என்ன உரிமை என்பதை எழுத்தில் எழுதிக்கொண்டாலன்றி அவள் கையில் ஒன்றுமில்லை. எழுத்து என்பதுதான் நம்மிடையே இல்லை. காணி விஷயத்தில் இப்படி இருந்தோமா? ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டத்தைப் பாருங்கள்: ஒற்றி, ஈடு, வட்டி, நன்கொடை, விற்பனை என்று ஒவ்வொன்றுக்கும் முறை வகுத்திருக்கிறது, நாலு பனை நிற்கும் ஒரு துண்டு நிலத்தை விற்பதானாலும் பங்காளிக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்கிறது. இவ்வளவு நுணுக்கமாய்க் காணியைக் காத்த குடாநாட்டார், தங்கள் பெண்பிள்ளையின் முகத்தை ஒரு தொலைபேசி அழைப்பின் வாய்ச்சொல்லிலே ஒப்புக்கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

இதைவிட என் மனதை வருத்துவது வேறொன்று. சாமத்தியவீட்டுப் படப்பிடிப்பைப் பற்றிச் சொல்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பல்லக்கிலும் தாமரைப் பூவிலும் குதிரை வண்டியிலும் ஏற்றி, சினிமாப் பாட்டுக்கு நடக்கவைத்து, தோழிகளோடு ஆடவைத்து எடுக்கிற படமும் வீடியோவும் குடும்பத்தின் அல்பத்தோடு நின்றால் அது அவரவர் விருப்பம். என்னைப் போன்றவர்கள் முகம் சுளிப்பதோடு விட்டுவிடலாம். ஆனால் காசு கொடுத்து அந்தப் படத்தை எடுப்பித்த பெற்றோர், அடுத்த வாரமே அது ஸ்ரூடியோவின் யூடியூப் பக்கத்தில், ஸ்ரூடியோவின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பொறித்து, உலகம் முழுவதும் பார்க்கத்தக்கதாய் ஏறியிருப்பதைப் பெருமையோடு பார்க்கிறார்கள். அந்தக் கணத்தில் அந்தப் பிள்ளை ஒரு வர்த்தக விளம்பரத்தின் மொடலாகிவிட்டாள் என்பதும், அந்த வேலைக்குக் கூலி பெறாததோடு கூலியைத் தாங்களே கொடுத்திருக்கிறார்கள் என்பதும், அந்த வீடியோவின் கீழே யார் யாரோ எழுதும் அசிங்கமான வார்த்தைகளை அந்தப் பிள்ளை தன் வகுப்புத் தோழியின் கைத்தொலைபேசியிலே வாசிக்க நேரும் என்பதும் அவர்கள் எண்ணத்தில் எழுவதில்லை. அவள் பருவமடைந்த செய்தி, அவளுடைய சம்மதமின்றி, அவள் முப்பது வயதாகி உத்தியோகம் பார்க்கும் காலத்திலும் ஒரு விரல் அசைவில் எடுத்துப் பார்க்கத்தக்கதாய்க் கிடக்கும். இலங்கையிலே 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கமர்த்தலாகாது என்று 2021 இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு பிள்ளையை ஸ்ரூடியோவின் விளம்பரத்துக்கு வைத்திருப்பதை வேலை என்று நாம் கருதாதபடியால் அந்தத் திருத்தம் அவளை எட்டவில்லை. இந்தியாவிலே, விளம்பரங்களிலும் படங்களிலும் தோன்றும் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாதென்றும், அவர்களுடைய வருமானத்தில் குறைந்தது 20 வீதம் பிள்ளையின் பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பாய் இடப்படவேண்டுமென்றும் 2017 இல் விதி செய்தார்கள். தகப்பன்மாரும் சில சமயம் முகவராகிவிடுவர் என்பதை அறிந்தே அந்த விதியைச் செய்திருக்கிறார்கள்.

முற்பணம் வாங்கும் விஷயமும் ஒன்றுண்டு. மொடலிங் பயிற்சி, ஆளுமை விருத்தி, படத்தொகுப்பு என்று பல பெயர்களைச் சொல்லி, வாய்ப்பு வாங்கித் தருவோம் என்று முதலிற் பணத்தைக் கேட்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஏஜென்சிக்குக் காசு கட்டுவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்கு ஒருவர் விளக்கவேண்டியதில்லை. காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் வெளிநாட்டு ஏஜென்சிக்காரருக்குக் கட்டிவிட்டு, பாங்கொக்கிலோ மொஸ்கோவிலோ அறையொன்றில் மாசக்கணக்காய்க் காத்துக்கிடந்த பிள்ளைகளின் கதை இல்லாத குறிச்சி நம்மிடையே இல்லை. அந்த அனுபவம் நமக்குக் கற்பித்த பாடத்தை இந்தத் தொழிலுக்கும் பிரயோகிக்கலாம்: வேலை தருகிறவன் வேலை தேடுகிறவளிடம் முதலிற் பணம் கேட்டால், அவனுடைய வருமானம் அவளுக்கு வேலை கிடைப்பதில் இல்லை, அவள் பணம் கட்டுவதிலேயே முடிந்துவிடுகிறது.

பெரிய நாடுகளிலும் இந்தத் தொழில் நெடுங்காலம் இதே நிலைமையில்தான் இருந்தது. நியூயோர்க்கிலே பல முகவர் நிலையங்கள் தங்கள் மொடல்களை ஒரே வீட்டில் பலராய் அடைத்துவைத்து, அதற்கு அதிக வாடகை அறவிட்டு, படத்தொகுப்பு, பயணம், இணையப் பக்கம் என்று கணக்குப் பார்த்து, வேலை செய்யத் தொடங்குமுன்பே அவளைக் கடனாளியாக்கிவந்தன. அவளுடைய சம்பளமோ முதலில் முகவர் கையிற் சேர்ந்தது. எவ்வளவு வந்தது என்று கேட்டால் கணக்குக் காட்டும் கடப்பாடு முகவருக்கு இருக்கவில்லை. சாரா சிஃப் என்ற மாது, தாமே மொடலாய் இருந்தவர், 2012 இல் 'மொடல் அலையன்ஸ்' என்ற சங்கத்தை ஸ்தாபித்தார். அந்தச் சங்கத்தாரின் நெடுநாள் முயற்சியின் பயனாக, நியூயோர்க் மாநிலத்தில் மொடல்களுக்கான சட்டமொன்று 2024 டிசம்பரில் ஆளுநரின் ஒப்பம் பெற்று, 2025 யூனில் அமுலுக்கு வந்தது. முகவர் நிலையம் அரசாங்கத்திற் பதிவு செய்யப்படவேண்டும். முற்பணமோ வைப்புப் பணமோ வாங்கலாகாது. தரகு 20 வீதத்தை மிஞ்சலாகாது. ஒப்பந்தத்தின் பிரதி மொடலின் கையிற் கொடுக்கப்படவேண்டும். மூன்று வருஷத்துக்கு மேல் அவளைக் கட்டிவைக்கலாகாது. அவளுடைய உருவத்தைக் கணினியிலே பிரதி செய்து உபயோகிப்பதானால், எதற்காக, எவ்வளவு காலம், எவ்வளவு ஊதியம் என்று விவரித்து எழுத்துமூலம் தனியே சம்மதம் பெறவேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலியும், சாப்பாட்டுக்கு அரை மணி ஓய்வும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, முகவர் தம்முடைய லாபத்தைப் பாராமல் மொடலின் நலனை நாடியே நடக்கவேண்டிய நம்பிக்கைப் பொறுப்புடையவர் என்று சட்டம் அவரைக் கட்டிப்போட்டிருப்பதே. ஒரு தர்மகர்த்தாவுக்குக் கோயில் ஆதனத்தின் மீதுள்ள பொறுப்பு எத்தகையதோ அத்தகைய பொறுப்பு அது.

உடலைப் பற்றிய கொடுமையும் சொல்லப்படவேண்டியதே. 2006 ஓகஸ்டில் உருகுவே நாட்டின் லூயிசெல் ராமோஸ் என்ற இளம் மொடல் ஆடை அணிவகுப்பின்போதே மாரடைப்பினால் இறந்தாள். அதே வருஷம் நவம்பரில் பிரேஸிலின் ஆனா கரோலினா ரெஸ்ரன் என்பவள் உண்ணாமை நோயினால் 21 வயதில் மாண்டாள். மட்ரிட் நகரத்து ஆடைக் காட்சியினர் அவ்வருஷமே மிக மெலிந்தவர்களை மேடையேற்ற மறுத்தார்கள். பின்னர் பிரான்ஸிலே, வைத்தியச் சான்றிதழின்றி மொடலை வேலைக்கமர்த்தும் முகவருக்கு ஆறு மாசச் சிறையும் 75,000 யூரோத் தண்டமும் வரை விதிக்கலாம் என்று சட்டம் செய்து, 2017 முதல் மொடலின் உடலைக் கணினியால் மெலிவித்த விளம்பரப் படத்தில் அதனைக் குறிப்பிடவேண்டும் என்றும் கட்டளையிட்டார்கள்.

நம் ஊரிலே மெலியச் சொல்லி வருத்துவது குறைவு. வெளுக்கச் சொல்லி வருத்துவதே அதிகம். யாழ்ப்பாணத்து வெயிலிற் பிறந்து வளர்ந்த பிள்ளையை முகப்பூச்சினால் இரண்டு படி வெளுப்பாக்கி, பிறகு கணினியில் மேலும் இரண்டு படி ஏற்றி, கையின் நிறமும் முகத்தின் நிறமும் வேறு வேறாய்த் தெரியும் விகாரத்தைக் கஸ்தூரியார் வீதி நகைக்கடைப் பதாகைகளை அண்ணாந்து பார்ப்பவர்கள் காணலாம். 1975 இல் விற்பனைக்கு வந்த ஃபெயார் அண்ட் லவ்லி என்னும் களிம்பு, தன் பெயரிலிருந்த 'வெண்மை'யை 2020 இல் கைவிட்டது. நம்முடைய ஸ்ரூடியோக்கள் இன்னும் கைவிடவில்லை. 'நீ கறுப்பு, உனக்கு இந்தக் கலர் எடுபடாது' என்று அத்தனை பேர் முன்னிலையில் ஒரு பிள்ளையிடம் சொல்வது தொழில் நுட்பமன்று, அவமதிப்பு. வேறெந்த வேலைத்தலத்திலாவது ஒரு முதலாளி இப்படிச் சொன்னால் தொழிற்சங்கம் வாசலில் வந்து நின்றிருக்கும்.

பாலியல் தொந்தரவு பற்றி நம்மவர்கள் குசுகுசுப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கேரளத்திலே 2017 இல் ஒரு நடிகைக்கு நேர்ந்த கொடுமையின் பின்னர், திரைத்துறைப் பெண்கள் ஒன்றுகூடிக் கேட்டதன் பேரில், ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா, நடிகை சாரதா, ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி வல்சலகுமாரி ஆகிய மூவர் குழு நியமிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் அவர்கள் கையளித்த அறிக்கை 2024 ஓகஸ்ட் வரை அரசாங்கப் பெட்டகத்திலேயே கிடந்தது. வெளிவந்தபோது எல்லோரும் அதிலே நட்சத்திரங்களின் பெயரைத் தேடினார்கள். என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறு: படப்பிடிப்புத் தலங்களில் மலசலகூடமோ உடை மாற்றும் அறையோ இல்லாமையால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவந்தார்கள் என்ற சாதாரணமான விவரம். கசூரினாக் கடற்கரையில் வானுக்குள் சேலை மாற்றும் நம் பிள்ளையும் அதே நிலைமையிலேயே நிற்கிறாள். கதவுள்ள ஓர் அறையைக் கொடுக்க மனமில்லாதவர், அதைவிடப் பெரிய மரியாதைகளைக் கொடுப்பார் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. அந்த அறிக்கை வெளிவந்த பின்னர் தென்னிந்திய நடிகர் சங்கத்தாரும் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களை ஐந்து வருஷம் தொழிலிலிருந்து விலக்கவேண்டும் என்று 2024 செப்டம்பரில் தீர்மானித்தார்கள். நமக்குச் சட்டமே இல்லையென்று சொல்லமுடியாது. 1995 இல் திருத்தப்பட்ட நம் தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவு, அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ செய்யும் தகாத சேட்டையை ஐந்து வருஷம் வரை சிறைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பிள்ளைகள் சம்பந்தமான முறைப்பாட்டுக்கு 1929 என்ற இலக்கம் உண்டு. முறையிடுபவளைப் பார்த்து 'நீ ஏன் அங்கு போனாய்' என்று கேட்கும் அயலாருக்குப் பயந்தே அந்தப் பிரிவும் அந்த இலக்கமும் வீணாய்க் கிடக்கின்றன. ஆகையால் முதல் பந்தியில் நான் குறிப்பிட்ட ஊர் விசாரணை வெறும் வம்பு மாத்திரமன்று. தவறு செய்பவருக்கு அது காவலாய் நிற்கிறது.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். ஒன்று, இந்த வேலைக்கே பிள்ளைகளை விடாமல் இருந்தால் கலாசாரமும் காக்கப்படும், கவலையும் இராது என்பது. இதைச் சொல்பவர் வீட்டுக் கலியாணத்துக்குச் சேலை தெரிவதும் அலங்காரம் தெரிவதும் யாரோ ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்துத்தானே? அந்தப் பிள்ளை சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்தவளாயிருந்தால் நம் மனசாட்சிக்கு வலிப்பதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். இரண்டாவது ஆட்சேபம், இது சிறு வியாபாரம், நியூயோர்க் விதியை நெல்லியடிக் கடை தாங்குமா என்பது. இதிலே ஓரளவு உண்மை உண்டு. வங்கிக் கடனோடு கமரா வாங்கிய இளைஞர் ஒருவரிடம் வைத்தியச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அதைக் கேட்கவும் இல்லை. ஒரு நாட்கூலி, ஒரு கதவுள்ள அறை, வீடு சேர்ப்பிக்க ஒரு வாகனம், ஒரு பக்க எழுத்து. பதாகை அச்சடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இவை எதுவும் பெரிதன்று. சேலையைத் தைத்தவளுக்கும் நெய்தவளுக்கும் இல்லாத சலுகையா என்பாருக்கு, இலங்கை ஆடைத் தொழிற்றுறையினர் 2006 இலேயே, குற்றமற்ற ஆடைகள் என்ற கருத்தில் உலகத்துக்கு ஒரு பிரசாரம் செய்ததை ஞாபகப்படுத்துகிறேன். பிள்ளைத் தொழிலாளர் இல்லை, கட்டாய உழைப்பு இல்லை என்று வெளிநாட்டுக் கொள்வனவாளருக்கு அவர்கள் உறுதி கூறவேண்டியிருந்தது. உறுதிமொழி எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்ற தர்க்கம் ஒருபுறமிருக்க, தைத்தவளைப் பற்றி அப்படி ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டது. அணிந்து நிற்பவளைப் பற்றிக் கேள்வியே இல்லை.

புதிதாய் இன்னொரு பயமும் வந்திருக்கிறது. ஒருமுறை எடுத்த முகத்தைக் கொண்டு, அவள் உடுத்தாத சேலையை அவள் உடுத்தியதாகவும், அவள் நில்லாத இடத்தில் நின்றதாகவும் கணினி இப்போது ஆக்கிக் காட்டுகிறது. எச் அண்ட் எம் என்னும் சுவீடன் ஆடை நிறுவனம் 2025 இல் முப்பது மொடல்களின் கணினிப் பிரதிமைகளை ஆக்கப்போவதாக அறிவித்தபோது, அந்தப் பிரதிமையின் உரிமை மொடலுக்கே என்று சொல்லியே அறிவித்தது. நம்மிடத்திலோ ஒரு கைத்தொலைபேசிச் செயலி போதும். யாரையும் கேட்கவேண்டியதில்லை என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

சட்டம் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. விளம்பரம் வாங்கிப் பிரசுரிக்கும் பத்திரிகைகளும் இதிலே பொறுப்புடையவை. மொடலின் எழுத்துமூலச் சம்மதம் உண்டா என்று விளம்பரதாரரிடம் ஒரு வரி கேட்பதற்கு எந்தப் பத்திரிகைக்கும் செலவாகாது, இந்தப் பத்திரிகை உட்பட. குடாநாட்டு வர்த்தக மன்றத்தார் ஒரு பக்கத்தில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை ஆக்கித் தரலாம்: கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், படம் எங்கெங்கே எத்தனை வருஷத்துக்கு, வேறு கைக்கு மாறினால் யாரிடம் அனுமதி, கணினியில் மாற்றலாமா, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவளாயின் கூட இருப்பவர் யார். அது தமிழில் இருக்கவேண்டும். கொழும்பு முகவர் நிலையமொன்றின் ஆங்கிலத் தாள்களிலே கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்திட்டுவிட்டு வந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. கையெழுத்திடுமுன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு கிழமை வைத்திருந்து வாசிக்கவும் அவளை விடவேண்டும். 2010 முதல் யாழ்ப்பாண சர்வதேச வர்த்தகச் சந்தை நடந்துவருகிறதே, அடுத்த முறை முற்றவெளியில் கூடாரம் அமையும்போது, மொடல்களை நிறுத்தித் தங்கள் பொருளைக் காட்ட விரும்பும் கடைக்காரரிடம் இடவாடகைப் பற்றுச்சீட்டோடு இந்தத் தாளின் பிரதியையும் சேர்த்துக் கேட்கலாம்.